கல்லில் எழுதும் வினைச்சொல்



கல்வெட்டு என்றதும் பலருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களே நினைவுக்கு வரும். ஆனால் ஈழத்துத் தமிழரிடையே இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. கவிராசவரோதயரின் கோணேசர் கல்வெட்டு கல்லில் வெட்டப்பட்டதன்று. திருக்கோணேச்சரத்தின் வரலாற்றையும் தொழும்பு முறைகளையும் பாட்டாகக் கூறும் நூல் அது. இன்னொரு பொருள் நம் வீடுகளுக்கு மிக அண்மையில் உள்ளது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளன்று, அவரது வாழ்க்கைக் குறிப்பும் உறவினர் புலம்பலும் தேவாரமும் சேர்த்து அச்சிட்டு, வந்தோருக்குக் கொடுக்கிறோமே, அந்தச் சிறு புத்தகத்தையும் நாம் கல்வெட்டு என்றே சொல்கிறோம். கல்லே இல்லாத கல்வெட்டு அது. காகிதத்துக்குக் கல்லின் பெயரைச் சூட்டிய சமூகம் நம்முடையது.

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். தமிழாசிரியன் என்ற காரணத்தால், இத்தகைய கல்வெட்டுகளுக்குப் பாட்டு எழுதித் தரும்படி அடிக்கடி கேட்பார்கள். இருபது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். எனவே படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து சிலர் வந்து, “சேர், இந்த முறை கடதாசிக்கு இல்ல, கல்லுக்கு எழுதித் தரவேணும்” என்று கேட்டபோது எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. 1990ஆம் ஆண்டின் வன்செயலில் அவ்வூர் இழந்த மக்களுக்காக வீதியோரத்தில் ஒரு நினைவுக்கல் நாட்ட விரும்பினார்கள். பெயர்ப் பட்டியலைத் தந்தார்கள். நான் பழக்கப்பட்ட நடையில் நான்கு வரிகள் எழுதி, இவர்கள் அனைவரும் இறைவனடி சேர்ந்தனர் என்று முடித்திருந்தேன்.

மண்முனைப் பாலத்தைக் கடந்து அவ்வூருக்குப் போய் அதை வாசித்துக் காட்டினேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைதான் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்தது. கூடியிருந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்பட்டியலில் இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருந்த ஒரு தாய் மட்டும் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்:

“மனே, இதப் படிச்சா காய்ச்சல் வந்து செத்த மாதிரி இருக்கு. அவங்க அப்பிடியா செத்தாங்க?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. வகுப்பில் தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று பலகையில் எழுதி விளக்குபவன் நான். ‘சேர்ந்தனர்’ என்பது தன்வினை. அவர்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தார்கள் என்பது அதன் பொருள். எழுத்தறிவு குறைந்த அந்தத் தாய் என் வாக்கியத்தின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். இலக்கணப்படி வாக்கியம் சரி. நடந்ததற்கு அது பொருந்தவில்லை.

வீடு திரும்பியதும் பழைய தமிழர் கல்லில் எப்படி எழுதினார்கள் என்று தேடினேன். தொல்காப்பியம் நடுகல் நாட்டும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. தமிழ்நாட்டின் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. வட்டெழுத்தில் அமைந்த அவற்றின் வாசகங்கள் மிகச் சுருக்கமானவை. எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, யார் வந்து ஆநிரை கவர்ந்தார்கள், யார் அதை மீட்கப் பொருதார், அவர் யாருடைய சேவகர் என்பவற்றைச் சொல்லிப் ‘பட்டான்’ என்று முடிப்பார்கள். புகழ்மாலையோ புலம்பலோ அங்கே பெரிதாக இல்லை. வீழ்ந்தவன் பெயரோடு எதிரே வந்தவர் யார் என்பதையும் கல் சொல்லிவிடுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊரவர் தயங்காமல் எழுதியதை எழுத இன்று நமக்கு ஏன் கை கூசுகிறது?

இந்தக் கேள்வியோடு நமது நகரின் கற்களை மீண்டும் பார்க்கப் புறப்பட்டேன். நாள்தோறும் கடந்துபோகும் கற்கள்தாம். நின்று வாசித்தது மிகக் குறைவு.

புளியந்தீவின் வாவிக்கரையில் வண. வில்லியம் ஓல்ட் அவர்களின் சிலை நிற்கிறது. 1814ஆம் ஆண்டு இலங்கை வந்த முதல் மெதடிஸ்தக் குழுவைச் சேர்ந்தவர் அவர். அவருடைய மனைவி கப்பற் பயணத்திலேயே இறந்துவிட்டார். தனிமையில் மட்டக்களப்பை அடைந்த ஓல்ட் பாடசாலைகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814ஆம் ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. அவருக்குச் சிலை வைத்தது தகும். ஆனால் புதிய மொழி பேசிய அந்த மனிதரிடம் தம் பிள்ளைகளை முதன்முதலாக அனுப்பத் துணிந்த பெற்றோரை எந்தக் கல்லும் சொல்வதில்லை.

கோட்டைக்கு வருவோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் வசமான முதற் கோட்டை இதுவே. 1795இல் ஆங்கிலேயர் பெற்றனர். பாடநூலிலும் இவ்வாறே கற்பிக்கிறோம். கட்டினர், கைப்பற்றினர், பெற்றனர் என்று எல்லாம் செய்வினையாகவே இருக்கின்றன. ஆளவந்தவர்கள் எப்போதும் எழுவாயாக நிற்கிறார்கள். ஒல்லாந்தருக்குத் துணைநின்று, அதே மே மாதத்தில் இங்கே அவர்களோடு உடன்படிக்கை செய்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் பெயர்கூடப் பின்வரிசைக்குப் போய்விட்டது. கல் சுமந்தவர்களின் கதை அதற்கும் பின்னால்.

கல்லடிப் பாலம் ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம் எனப்பட்டது. 2013இல் யப்பானிய உதவியுடன் புதிய பாலம் அதன் அருகே திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தால் சிவாநந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. 1947 ஜூலை 19ஆம் திகதி மறைந்த அடிகளாரின் சமாதியில், இறைவன் விரும்பும் மலர் எது என்று கேட்டு விடைகூறும் அவரது பாடலே பொறிக்கப்பட்டுள்ளது. பதவிகளின் பட்டியலை முன்னிறுத்தாமல் ஒரு கவிஞனின் சொல்லையே அவனுக்குக் கல்லாக்கியவர்களை நான் மனத்தால் வணங்குவதுண்டு.

ஆனால் கல்லும் பாதுகாப்பானதன்று. 2012 ஏப்ரலில் நமது நகரில் காந்தியடிகள், விபுலாநந்த அடிகள், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை, சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஆகியோரின் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. இங்கும் பாருங்கள், ‘சேதப்படுத்தப்பட்டன’ என்றுதான் எழுத முடிகிறது. அந்தச் சொல்லின் முன்னால் இருக்கவேண்டிய பெயர் வெறுமையாகவே கிடக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய துன்பமோ என்று எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேள்வியுற்று, அங்கே வீதியோரங்களில் நிற்கும் வரலாற்றுப் பலகைகள் சிலவற்றின் படங்களை அனுப்பினார். வேர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டிலேயே நெடுஞ்சாலையோரம் இத்தகைய பலகைகளை நாட்டத் தொடங்கிவிட்டது. மோட்டார் வாகனத்தில் போவோர் சற்று நிறுத்தி வாசிக்கக்கூடிய சில வரிகள், அவ்வளவுதான். பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் அவை நிற்கின்றன. நெடுங்காலமாக அவற்றில் பெரும்பாலும் தளபதிகளும் முதற் குடியேறிகளும் போர்களுமே இடம்பெற்றன. அடிமைகளாக விற்கப்பட்டவர்களும், கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களும் அந்தப் பலகைகளுக்கு வந்துசேர மிக நீண்டகாலம் சென்றது.

எம்மெற் ரில் என்ற 14 வயதுச் சிறுவனின் கதை அதற்குச் சான்று. சிக்காகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த அவனை, 1955 ஆகஸ்டில் வெள்ளையர் கடத்திச் சென்று கொன்று ஆற்றில் எறிந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த யூரிகள் சபை விடுதலை செய்தது. அடுத்த ஆண்டே அவர்கள் கொலையைத் தாமே ஒரு சஞ்சிகைக்கு ஒப்புக்கொண்டனர். அவனது உடல் எடுக்கப்பட்டதெனக் கருதப்படும் ஆற்றங்கரைக்குப் பலகை வைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. வைத்த பலகை 2008இல் களவாடப்பட்டது. இரண்டாவது பலகை துப்பாக்கிச் சூட்டால் சல்லடையானது. 2018இல் வைத்த மூன்றாவது பலகைமீது 35 நாட்களுக்குள் குண்டுகள் பாய்ந்தன. 2019இல் நாட்டிய நான்காவது பலகை துப்பாக்கிக் குண்டு துளைக்காத இரும்பாலானது, சுமார் 225 கிலோ எடை கொண்டது. இறந்து 64 ஆண்டுகள் கடந்த ஒரு சிறுவனின் பெயரைக் காக்க அவ்வளவு இரும்பு வேண்டியிருந்தது. அப்பலகைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தலையிழந்த நமது காந்தி சிலை நினைவுக்கு வந்தது.

மிசிசிப்பியின் அயல் மாநிலம் லூசியானா. அந்த மாநிலத்துக்கும் மட்டக்களப்புக்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் கிழக்கிலங்கைக்கு வந்தனர். அவர்களில் ஒருவரான கிளெனி ஆண்டகை 1947இல் திருகோணமலை மறைமாவட்ட ஆயரானார். இன்னொருவரான ஹரல்ட் வெபர் அடிகளார் மூன்று தலைமுறை இளைஞரை விளையாட்டில் வளர்த்து, 1998இல் மறைந்தார். நமது வெபர் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பந்தடிக்கும் பிள்ளைகளுக்கு வெபர் ஓர் அமெரிக்கர் என்பதுகூடத் தெரியாது. அவரை அவ்வளவுக்கு நம்மவராக்கிக்கொண்டோம்.

மூன்றாமவர் இயூஜின் ஹெபியர் அடிகளார். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் பிறந்து, 1948இல் இங்கு வந்தவர். கூடைப்பந்துப் பயிற்றுநராகத் திருகோணமலையும் மட்டக்களப்பும் அறிந்த மனிதர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தமிழ் இளைஞர் ஒருவரோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். மூன்று நாட்களுக்கு முன்னர்தான் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். வீதியெங்கும் அச்சமும் சினமும் நிறைந்திருந்த நாட்கள். இருவரும் வந்துசேரவில்லை. அவர்களின் உடல்களும் கிடைக்கவில்லை. எந்த இடத்தில் கல் நாட்டுவது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாத சாவு அது.

அவர் ‘காணாமற்போனார்’ என்று அந்நாளில் எழுதினோம். சந்தைக்குப் போன பிள்ளை வழிதவறியதற்கும் அதே சொல்தான். பிற்காலத்தில் நம் தாய்மார் வீதியோரங்களில் படங்களோடு அமர்ந்து அந்தச் சொல்லை மறுத்தார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று சொல்லுங்கள் என்றார்கள். தமிழ்ப் பேராசிரியர் எவரும் செய்யாத திருத்தத்தை அவர்கள் செய்தார்கள். இன்று பத்திரிகைகளும் அவ்வாறே எழுதுகின்றன. ஒரு வினைச்சொல்லை மாற்ற அவர்கள் பல்லாண்டுகள் வெயிலில் இருக்கவேண்டியிருந்தது.

அந்தத் திருகோணமலை வீதியிலேயே, நகருக்கு அண்மையில் சத்துருக்கொண்டான் நினைவுத்தூபி இருக்கிறது. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகிய ஊர்களின் மக்கள் 180க்கும் மேற்பட்டோரை இராணுவத்தினர் முகாமுக்குக் கொண்டுசென்று கொன்றனர். சிசுக்களும் முதியோரும் அவர்களுள் அடங்குவர். படுவான்கரையில், மகிழடித்தீவில் இன்னொரு தூபி. 1991 ஜூன் 12ஆம் திகதி குண்டுவெடிப்பில் இரு படையினர் இறந்ததும், இராணுவத்தினர் அயலூர் மக்கள்மீது பழிதீர்த்தனர். ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேர் என்றது. ஊரார் 152 பேர் என்கிறார்கள். வீதியோரக் கல்லில் எந்த எண்ணை எழுதுவது என்பதே ஒரு வழக்காகிவிடுகிறது. நமக்கு அது கணக்கு. அந்த 152இல் ஒருவரின் தாய்க்கு அது பிள்ளை உண்டா இல்லையா என்ற கேள்வி.

நேயர்களே, இவ்வளவையும் காத்தான்குடியில் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சேர், எங்கட பள்ளிவாசலுக்குள்ள வந்து அந்தச் சுவரைப் பார்த்திருக்கீங்களா?” என்றார். இல்லை. அந்த வீதியால் ஆயிரக்கணக்கான தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை.

அவரே அழைத்துச் சென்றார். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டுகள் துளைத்த வடுக்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே சுவரே கல்வெட்டு. என் மாணவர் அனுப்பிய அமெரிக்கப் பலகையில் பாய்ந்த குண்டுகள் நினைவை அழிக்கப் பாய்ந்தவை. இங்கே அதே துளைகள் நினைவைக் காத்து நிற்கின்றன. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு அங்கு என்ன நடந்தது என்பதை நம்மவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? ‘பள்ளிவாசலில் அந்தத் துயரச் சம்பவம் நிகழ்ந்தது’ என்கிறோம். மழை பெய்தது, மரம் விழுந்தது என்பதுபோலச் சம்பவம் நிகழ்ந்தது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு ஒன்பது வயது. இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. எனவே முழு வாக்கியமாகச் சொல்கிறேன். மீரா பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை, சிறுவர்களையும் சேர்த்து, விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த வாக்கியத்தைச் சொல்லாத வாயால் சத்துருக்கொண்டானுக்கு நீதி கேட்க எனக்கு உரிமை உண்டா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவரவர் கல்லின் முன் அவரவர் விளக்கேற்றுகிறோம். அடுத்தவர் கல்லருகே பஸ் நிற்பதில்லை. கொன்றவர் யார் என்று நமது கல்லில் எழுதக் கேட்கிறோம். அவர்களின் சுவரருகே வந்ததும் நமக்கும் எழுவாய் மறந்துபோகிறது.

மீண்டும் அந்தக் கிராமத்துக்குப் போனேன். ‘இறைவனடி சேர்ந்தனர்’ என்பதை வெட்டிவிட்டேன். பெயர், வயது, திகதி, இடம் ஆகியவற்றை எழுதிச் ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று முடித்தேன். யாரால் என்பதை எழுதுவதா என்று இரவு வெகுநேரம்வரை பேசினார்கள். எழுதினால் கல் நிற்குமோ என்று சிலர் அஞ்சினார்கள். எழுதாவிட்டால் கல் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல் நாட்டிவிட்டு நான் நகருக்குப் போய்விடுவேன். அவர்கள் அதன் பக்கத்தில் வாழவேண்டியவர்கள்.

முடிவில் அந்தத் தாயே வழி சொன்னார். கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னார். பிள்ளைகளின் பிள்ளைகள் எழுதட்டும் என்றார். அதுவரைக்கும் நமது பழைய வழக்கத்தை நாடினோம். கடதாசியில் ஒரு கல்வெட்டு அச்சிட்டோம். அன்று காலை யார் எவ்வழியால் வந்தார்கள், யார் எங்கே ஒளிந்திருந்தார்கள், யாரை யார் சுட்டார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னதையெல்லாம் செய்வினையிலேயே எழுதினேன். பாட்டு எழுதவில்லை. வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள்.

எனக்குத் தந்த பிரதிகளில் ஒன்றைக் காத்தான்குடி நண்பருக்குக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு நாள் வைத்திருந்து முழுவதும் வாசித்துவிட்டு, “சேர், அந்தத் தாயைப் பார்க்க ஒருக்கா என்னையும் கூட்டிப் போங்க” என்றார். வரும் விடுமுறையில் போவதாக இருக்கிறோம்.